முன்னால் போகிறவள்

வெடித்தது டயர்தான் என்று புரிவதற்குள் ஹாலின் பச்சைச் சுவர் பாதி வெள்ளையாகிவிட்டது.

தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த மனைவி, கணவரைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவருடைய வழுக்கை, மூக்குக்கண்ணாடி, மீசை எல்லாவற்றிலிருந்தும் வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, பாலா?"

"டயர் பால்."

"டயர் எப்பங்க பால் குடிக்க ஆரம்பிச்சுது?"

"ட்யூபை எடுத்துட்டு இதை ஊத்தணும். மலையில முள்ளு குத்தினாலும் தானே அடைச்சுக்கும். காத்து கொஞ்சம் கூடப் போயிடுச்சு, அவ்வளவுதான்."

காற்று அடித்தது லிப்ட் கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவர் இரவல் வாங்கி வந்த கம்ப்ரெசர். ஒரு சைக்கிள் டயரையெல்லாம் அது மனிதராகவே மதிக்கவில்லை.

அவரை எல்லோரும் லிப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லிப்ட் மெக்கானிக். வாழ்க்கையில் அவர் போன பயணமெல்லாம் மேலேயும் கீழேயும்தான். அப்படிப்பட்டவர் ஐம்பதைத் தாண்டிய பிறகு, ஆறு மணி நேரம் மலையைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் சைக்கிள் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருந்தார். காரணம் ஒரு போன்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வாரம் ஒரு தடவை போன் வரும். அம்மாவிடம் பேசுவாள். கடைசியில் போன் அப்பா கைக்கு வரும்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"வேலையெல்லாம்?"

"ம். நீங்க?"

"ம்."

அதற்கு மேல் இருவருக்கும் ஓடாது. அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மகளின் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். அந்த அறைக்கதவை முட்டித் தள்ளினால்தான் திறக்கும். சரி பண்ணச் சொல்லி அவள் நச்சரித்த நாட்களில் அவருக்கு நேரமில்லை. இப்போது நேரம் இருந்தது, நச்சரிக்க ஆளில்லை. அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

"பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்பாள் மனைவி.

"சும்மா எப்படிப் போறது? எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

"பார்க்க வந்தேன்னு சொல்லுங்க."

"அது ஒரு காரணமா?"

இப்படி இருக்கும்போதுதான் அந்த போன் வந்தது. ஆபீஸ்காரர்களோடு சைக்கிள் பந்தயத்துக்கு வருகிறாளாம். இதே ஊர் மலையில்தானாம். "வேன்ல வந்து வேன்லயே போயிடுவோம்மா. நேரம் இருந்தா வீட்டுக்கு எட்டிப் பார்க்கறேன்" என்றாளாம்.

"எட்டிப் பார்க்கறாளாமா? இவ்வளவு தூரம் வந்துட்டு?" லிப்ட்காரருக்கு மனசே விட்டுப்போனது.

"நாம மலைக்குப் போய் ஓரமா நின்னு கை காட்டலாம்ங்க."

"ஒரு சுத்து வரவே ஒரு மணி நேரம் ஆகுமாம். கண் சிமிட்டறதுக்குள்ள நம்மளைத் தாண்டிப் போயிடுவா. கை காட்டறதுக்கா நான் ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன்?"

மறுநாளே பேர் கொடுத்துவிட்டார். பந்தயத்தில் அவள் பக்கத்திலேயே ஓட்டலாம். ஆறு மணி நேரம். போனை வைக்கிற மாதிரி அங்கே வைத்துவிட்டுப் போக முடியாது. மகளிடம் மூச்சு விடக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவளுடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டுமே என்பதுதான் கவலை.

"தினமும் பிராக்டிஸ் பண்றாளான்னு கேட்டியா?"

"கேட்டேன். 'ம்'னா."

"எப்படி 'ம்'னா? சாதாரண 'ம்'மா, அழுத்தி 'ம்'மா?"

"கொஞ்சம் அழுத்தித்தான்."

போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அழுத்தி 'ம்' என்றால் வெறித்தனமாக ஓட்டுகிறாள் என்று அர்த்தம். அன்றிலிருந்து வேலைக்குப் போகிற கட்டடங்களில் எல்லாம் படியேறத் தொடங்கினார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவளிடம் சொல்ல ஒரு சங்கதியை யோசித்து வைத்தார். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டது, அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியது, அறைக்கதவை அடுத்த வாரம் கட்டாயம் சரி பண்ணப்போவது. பத்தாம் மாடி வருவதற்குள் மூச்சு முட்டினாலும், மனதுக்குள் மகளோடு பேசிக்கொண்டே ஏறியதில் களைப்பு தெரியவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏன் சார், நம்ம லிப்டுல ஏதாவது கோளாறா?"

"இல்லையே சார். கல்லு மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன் லிப்ட் ரிப்பேர் பண்றவரே படியில போறாரு? அந்தக் கட்டடத்துல ஒருத்தர்கூட இப்ப லிப்டுல ஏற மாட்டேங்கறாங்க. உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, சொல்ல மாட்டேங்கறீங்கன்னு பேச்சு!"

"உடம்புக்கு நல்லதுன்னு..."

"ஏறுங்க, வேண்டாங்கல. கம்பெனி யூனிபாரத்தோட ஏறாதீங்க."

மறுநாள் வேலை முடிந்ததும் யூனிபாரத்தைக் கழற்றிவிட்டு, பனியனும் புது சைக்கிள் டிராயருமாக ஏறினார். ஏழாம் மாடி அம்மாள் ஒரே கத்தலில் செக்யூரிட்டியை வரவழைத்தாள். அரை மணி நேரம் விளக்கம் சொல்லி, யூனிபாரத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் கீழே இறங்க விட்டார்கள். லிப்டில்தான் இறக்கினார்கள்.

அதோடு படியைக் கை கழுவிவிட்டுச் சைக்கிளிலேயே மேடு ஏறினார். இரண்டே நாளில் உட்கார முடியவில்லை.

"அந்த டிராயரைக் கொடுங்க" என்று வாங்கிப் பார்த்தாள் மனைவி. "இந்த மெத்தை எந்த மூலைக்குங்க?" சோபாவிலிருந்து கொஞ்சம் ஸ்பாஞ்சு வெட்டி, கைதேர்ந்த தையலாக உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தாள். சோபாவின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. லிப்ட்காரருக்குப் பின்னால் ஒரு மேடு எழும்பியது.

மேட்டின் மேல் உட்கார்ந்தபோது கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டை இறக்கினார். சீட்டை இறக்கிய பிறகு, மிதிக்கும்போதெல்லாம் 'கிறீச்' என்று ஒரு சத்தம்.

இருபத்துநாலு மாடி லிப்டில் எந்தத் திருகாணி முனகுகிறது என்று கீழே நின்றே சொல்லிவிடுகிறவர் அவர். ஒரு சைக்கிள் அவருக்குத் தண்ணி காட்டுவதா? ஞாயிற்றுக்கிழமை ஹாலில் துணி விரித்துச் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். லிப்ட் தண்டவாளத்துக்குப் போடும் கிரீஸை எடுத்து, போட வேண்டிய இடம், போடக்கூடாத இடம் என்ற வித்தியாசம் பார்க்காமல் பூசினார். மாட்டிப் பார்த்தார். 'கிறீச்' அப்படியே இருந்தது. பிரேக்தான் இல்லை.

அது இறக்கத்தில் போகும்போதுதான் தெரிந்தது. கீழ்வீட்டு டீச்சர் கொடியில் காயப்போட்டிருந்த போர்வை அவரைத் தாங்கிப் பிடித்தது. போர்வை, கொடி, கொடிக்கம்பம் சகிதமாகத்தான் அவர் நின்றார்.

சைக்கிள் கடைக்காரர் பிரேக்கைத் துடைத்துச் சரி பண்ணிவிட்டு, சத்தத்தைக் கேட்டார். சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அவரை இறங்கச் சொன்னார்.

"சைக்கிள் இருக்கட்டும் சார். நீங்க மட்டும் அந்தப் படியில ஏறுங்க."

ஏறினார். கிறீச்.

"சைக்கிள் நல்லா இருக்கு. சத்தம் உங்க முழங்கால்ல வருது. அதுக்கு நம்மகிட்ட ஸ்பேர் கிடையாது."

அன்று வீடு திரும்பியதும் லிப்ட்காரர் மகளின் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"விட்டுடலாமாங்க?"

"ஒரு தடவையாவது அவ பக்கத்துல ஓட்டணும். சின்ன வயசுல ஸ்கூட்டர்ல முன்னாடி நின்னுக்கிட்டு ஊர்க்கதை பூரா சொல்லிக்கிட்டே வருவா. வாய் ஓயாது. அந்தப் பொண்ணு எங்க போச்சுன்னே தெரியல" என்றார்.

மனைவி டிராயரை எடுத்துப்போய் ஸ்பாஞ்சைப் பிரித்தாள். கடைக்காரர் சொன்ன உயரத்துக்குச் சீட்டு ஏறியது. முழங்காலுக்குத் தைலம் ஏறியது. எல்லாம் சேர்ந்து, அவரே எதிர்பாராமல், நன்றாகவே ஓட்ட வந்துவிட்டது.

பந்தயத்தன்று இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அதிகாலையில் கிளம்பினார்கள். பிரேக்கை இன்னொரு தடவை சோதிக்கிறேன் பேர்வழி என்று அவர் வழியில் மூன்று இடத்தில் நின்றதால், மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் கூட்டம் கிளம்பிப் போயிருந்தது. ஆண்கள் பின்னால் விடப்பட்டார்கள்.

"நாற்பத்தொண்ணாம் நம்பர்ங்க" என்று, மகள் போனில் சொன்னதை நினைவூட்டினாள் மனைவி. போன் பண்ணலாம் என்றால் அங்கே சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

முதல் சுற்றில் நாற்பத்தொன்றைக் காணோம். பாதையோரம் விசிலோடு நின்றவரிடம் கேட்டார்.

"பொண்ணுங்க எல்லாம்?"

"எப்பவோ முன்னாடி போயாச்சு சார்! மிதிங்க, மிதிங்க!"

மிதித்தார். அடேயப்பா, என்ன வேகம், யார் பெற்ற பெண் என்று பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் சுற்றில் தன் வயதுக்காரர்களையெல்லாம் தாண்டினார். மூன்றாவதில் இளவட்டங்கள் சிலரையும் தாண்டினார். ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவில் அவள் முதுகு தெரிந்துவிடும் என்று தோன்றியது. யார் யார் முதுகோ தெரிந்தது. சேர்த்து வைத்த சங்கதிகளையெல்லாம் மூச்சிரைக்க ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பூனைக்குட்டிகள் மூன்று. ஒன்று கறுப்பு. பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோய், இவள் என்னிடமிருந்து போய்க்கொண்டேதான் இருப்பாளா என்ற பயம் வந்துவிட்டது.

நான்காவது சுற்றின் முடிவில் முழங்கால் கையை விரித்துவிட்டது. தண்ணீர் கொடுக்கும் கூடாரத்தின் முன்னால் சைக்கிளோடு சாய்ந்தார். வீட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடி மனைவி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

தண்ணீர் நீட்டிய இளம்பெண், மகளின் ஆபீஸ் பெயர் போட்ட பனியன் அணிந்திருந்தாள்.

"ஏம்மா, உங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தி, நாற்பத்தொண்ணாம் நம்பர். எவ்வளவு தூரத்துல போறா? காலையிலேர்ந்து துரத்தறேன், பிடிக்கவே முடியலையே."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூடாரத்தின் பின்பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. ஹேண்டிலில் நாற்பத்தொன்று. டயரில் ஒரு பொட்டு மண்கூட இல்லை.

"அவளையா துரத்தினீங்க? அவளுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது அங்கிள்! சும்மா போய் நின்னா அப்பா ஏன் வந்தேன்னு கேப்பாரு, ஒரு காரணம் வேணும்னு பேரைக் கொடுத்தா. வேன் வந்து நின்னதும் நம்பரை அதுல மாட்டிட்டு ஒரே ஓட்டமா வீட்டுக்குப் போயிட்டா, இந்நேரம் அவங்க அப்பா பக்கத்துல உக்காந்து ஊர்க்கதை பூரா பேசிக்கிட்டிருப்பா!"