பதினொரு மணி சாம்பேன்

1938-ம் வருஷம் தை மாதம் இலுப்பூர் தாலுகா ஆபீசுக்கு ஒரு தாக்கீது வந்தது. விருந்தாளியாக வரும் துரைக்கும் துரைசாணிக்கும் காலை பதினொரு மணிக்கு ஆகாரம் அளிக்க வேண்டியது. அத்துடன் சாம்பேனும் ஆரஞ்சுச் சாறும் சரிபாதி கலந்த பானம் பரிமாற வேண்டியது. பாட்டில் தனியே வரும். குறை நேர்ந்தால் தாசில்தாரே பொறுப்பு.

தாசில்தார் குழந்தைசாமிக்குப் பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்தது. பதினொரு மணிக்கு எவன் சாப்பிடுவான் என்று குமாஸ்தாவாகிய என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆவூரிலிருந்து சவரியப்பனை வரவழைத்தோம். கொழும்பில் துரை பங்களாவில் சமையல் பார்த்தவர். துரைமார் நேரங்கழித்து எழுந்து இரண்டு வேளைச் சாப்பாட்டையும் ஒன்றாக முடிப்பார்கள் என்றும், அதற்குப் பெயர் நாகரிகம் என்றும் விளக்கினார்.

விருந்துக்கு முதல் நாள் மாலை பாட்டில் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஆபீசுக்கு வரும் எந்தச் சாமானையும் பிரித்துப் பரிசோதித்தே ஏற்க வேண்டும் என்பது விதி. விதிப்படி திறந்தோம். மூடி உத்தரத்தில் அடித்தது. நுரை பொங்கி நிலவரிக் காகிதக் கட்டின்மேல் வழிந்தது. சர்க்கார் சொத்து வீணாகக் கூடாதென்று தாசில்தார் ஒரு டம்ளர் பரிசோதித்தார். ஹெட்கிளார்க் அதை ஊர்ஜிதம் செய்தார். நான் நகல் எடுத்தேன். பாட்டில் திருப்திகரமான நிலையில் இருப்பதாக எழுதி மூவரும் கையொப்பமிட்டபோது, அதில் ஒரு சொட்டும் இல்லை.

விடிந்ததும் தாசில்தாருக்கு வேர்த்துக் கொட்டியது. சவரியப்பன் மட்டும் நிதானமாக இருந்தார்.

"நொரைதானங்க வேணும்? இப்ப எறக்குன கள்ளு போதும். ஆரஞ்சைக் கலந்துட்டா வெள்ளை தெரியாது."

"கள்ளுக்கு எங்கய்யா போறது? லைசென்சு இல்லாம எறக்குனான்னு ஊர்ல இருந்த ஒரே மரமேறி சேவுகனை நான்தானே உள்ள தள்ளியிருக்கேன்," என்றார் தாசில்தார்.

உத்தரவைப் பத்து நிமிஷத்தில் எழுதினேன். 'அவசர ராஜாங்க காரியமாகப் பனை ஏறும் பொருட்டு' சேவுகன் லாக்கப்பிலிருந்து வெளியே வந்து மூன்று மரம் ஏறினான். தப்பி ஓடாதபடி ஒரு போலீஸ்காரர் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை மூன்று கிளாஸ் குடித்தார். துரைசாணி நாலாவதையும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் பந்தல் காலிடம் நலம் விசாரித்தார். லண்டனில்கூட இப்படியொரு சாம்பேன் குடித்ததில்லை, எந்த ஊர்ச் சரக்கு என்று துரை கேட்டார்.

"பிரான்சு, துரையவர்களே," என்றார் தாசில்தார்.

நற்சான்றுக் கடிதம் வந்தது. அதன்பின் வக்கீல், டாக்டர், மிராசுதார் வீடுகளிலெல்லாம் பதினொரு மணி ஆகாரம் பரவியது. ஐந்து மணிக்கே விழிப்பு வந்தவர்கள் பத்தரை வரை பாயில் கஷ்டப்பட்டுக் கிடந்தார்கள். பிரான்சுச் சரக்கைத் தினமும் சேவுகன் இறக்கினான். விடியலில் அவனைத் திறந்து விடுவோம். எட்டு மணிக்குப் பூட்டிவிடுவோம்.

ஆனியில் அவன் தண்டனை முடிய இருந்தது. இனி மரமே ஏறப்போவதில்லை, கோட்டைப்பட்டினம் போய் வலை இழுக்கப் போவதாகச் சொன்னான். ஊரே கலங்கிவிட்டது. அவன் தண்டனையை அடுத்த ஆனி வரை நீட்டிக்கக் கோரிப் பொதுஜன மனு ஒன்று தயாரானது. தாசில்தார் மக்கள் குரலுக்கு மதிப்பளித்தார்.

மனுவில் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஏழாவது என்னுடையது.