மேஜர் நடத்திய நிற்கும் வகுப்பு

உட்கார்ந்து படித்தால் எழுத்து மண்டைக்கு ஏறாது, இடுப்போடு நின்றுவிடும் என்று நம்பியவர் பூலோகத்திலேயே எங்கள் மேஜர் ஒருவராகத்தான் இருப்பார்.

பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். வங்கதேசப் போர் முடிந்து, காலில் ஒரு குண்டுத் துணுக்கோடு ஓய்வுபெற்று வந்தார். சும்மா இருக்கத் தெரியாத அவருக்கு ஒரு ஜீப்பையும் புரொஜெக்டரையும் கொடுத்து, பீர்மேடு தேயிலை எஸ்டேட்டுகளில் முதியோர் கல்வியையும் செய்தி விளம்பர வேலையையும் பார்க்கச் சொன்னது அரசாங்கம். புரொஜெக்டரோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆபரேட்டர் நான்.

அம்மை ஊசியோ, கொசு ஒழிப்போ, அவர் மைக்கைப் பிடித்தால் அது போர்ப் பிரகடனம்தான். "எதிரி குட்டையிலாக்கும் ஒளிஞ்சிண்டிருக்கான். சாயங்காலத்துக்குள்ள அவனை வளைச்சாகணும்" என்று ஒருநாள் முழங்கினார். தொழிலாளர் லயத்து ஆண்கள் கவாத்துக் கத்தியோடு போய்க் குட்டையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். கொசுதான் என்று புரியவைத்து அனுப்புவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வகுப்பு அதற்கும் மேல். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுப் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். அவர் "அட்டென்ஷன்" என்றதும் குதிகால் சேர வேண்டும். அப்புறம்தான் போர்டைப் படிக்கலாம்.

"சாரே, காலு கடுக்குது. உக்காந்து படிச்சா எழுத்து ஓடியா போயிரும்?" என்று பேச்சியம்மா கேட்டாள். கம்பம் போக பஸ் ஏறி, தேக்கடியில் போய் இறங்கியவள் அவள். பஸ் போர்டைத் தானே படிக்க வேண்டும் என்ற வைராக்கியத்தில் வகுப்புக்கு வந்தாள்.

"பஸ் போர்டை உக்காந்துண்டா வாசிக்கப் போறாய்? நின்னுண்டுதானே?" என்றார் மேஜர். பேச்சியம்மா குதிகாலைச் சேர்த்துக்கொண்டாள்.

ஒருநாள் மேலதிகாரி பரிசோதனைக்கு வந்தார். யாருக்கும் படிக்க வரவில்லையென்றால் வகுப்புக்கு அன்றோடு மூடுவிழா. மனுஷன் இரக்கமுள்ளவர். "பாவம், பகல் முழுக்க நின்னு வேலை செஞ்சவங்க. எல்லாரும் உட்காருங்க" என்று ஜமுக்காளம் விரிக்கச் செய்தார். போர்டில் "குமுளி" என்று எழுதிப் படிக்கச் சொன்னார்.

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பழக்க தோஷம் யாரை விட்டது? அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். அந்தக் குளிரில் மேஜருக்கு வியர்த்தது. போர்க்களத்தில்கூட அப்படி வியர்த்திருக்காது.

பேச்சியம்மா மெல்ல எழுந்தாள். "ஐயா, உக்காந்தா எங்களுக்கு வரமாட்டேங்குது" என்றவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேஜரின் குரலிலேயே கத்தினாள்: "அட்டென்ஷன்!"

அத்தனை குதிகால்களும் சேர்ந்தன. "குமுளி" என்ற சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பியது. அதிகாரியும் எழுந்து நின்றிருந்தார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. வகுப்பு பிழைத்தது.

மேஜர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தோம். மூக்கைச் சிந்திவிட்டு, ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பல வருஷம் கழித்து, குமுளி டீக்கடை பெஞ்சில் பேப்பரைப் புரட்டியபோது, அவர் காலமான செய்தி ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. உட்கார்ந்து படிக்க மனம் வரவில்லை. எழுந்து, குதிகாலைச் சேர்த்து நின்றுகொண்டு படித்தேன்.