ரைட் அண்ணன் முதலாம் வகுப்பில் போன கதை

உலகத்தில் உட்காரவே தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் கொட்டகலை ரைட் அண்ணன்தான். ஹட்டன் - அக்கரப்பத்தனை பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவர். "ரைட், ரைட்!" என்று கத்திக் கத்தி, அம்மா அப்பா வைத்த பெயர் ஊருக்கே மறந்துபோனது.

சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். சலூனில் பாதி முடி வெட்டும்போதே எழுந்து தெருவை எட்டிப் பார்ப்பார். சாவு வீட்டு வாசலிலும் நின்று, "முன்னுக்குப் போங்க, உள்ள எடம் இருக்கு" என்று ஆட்களை அனுப்பியவர். செத்தவரே கொஞ்சம் தள்ளிப் படுத்தாராம் என்று தோட்டத்து லய வீடுகளில் பேசிக்கொண்டார்கள்.

வேலையை விட்ட வருடம், மார்கழிக் குளிரில் சிவனொளிபாதமலை ஏறலாம் என்று மனைவியைக் கூப்பிட்டார். அண்ணி ஒரு நிபந்தனை போட்டார்.

"வர்றேன். ஆனா ஒரு பயணமாவது எம்பக்கத்துல ஒக்காந்து வாங்க. கல்யாணம் முடிச்ச நாள்லருந்து ஒங்க பஸ்ஸுல போறேன். பக்கத்துல எவனெவனோதான் ஒக்காந்திருக்கான்."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. உடனே ரயிலில் முதலாம் வகுப்பு ஏசி பெட்டிக்கு டிக்கட் போட்டார். அதுவும் கொழும்பிலிருந்து! மலைக்கு இறங்க வேண்டிய ஹட்டனோ எங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷன்.

"ஏண்ணே, ஹட்டனுக்குப் போறதுக்குக் கொழும்பு வரைக்கும் போகணுமா?" என்று கேட்டேன்.

"இங்க ஏறினா ஒக்காருறதுக்குள்ள எறங்கணுமே தம்பி!"

அவர் எழுந்தால் பிடித்து உட்கார வைக்க ஆள் வேண்டுமென்று அண்ணி என்னையும் சேர்த்துக்கொண்டார். முதல் நாளே பஸ்ஸில் கொழும்புக்கு இறங்கி, காலையில் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம்.

ரயில் அசைந்ததும் அண்ணன் எழுந்துவிட்டார். கதவடியில் நின்ற வெள்ளைக்காரரை "முன்னுக்குப் போங்க" என்றார். அந்த ஆள் பயந்து அடுத்த பெட்டிக்கே போய்விட்டார். இழுத்து வந்து உட்கார வைத்தேன். டிக்கட் பரிசோதகர் வந்தார். அண்ணன் அவரை முந்திக்கொண்டு எல்லோரிடமும் டிக்கட் கேட்டார்.

ஏசிக் குளிர் கொட்டகலைக் குளிரையே தோற்கடித்தது. மலைக்கென்று எடுத்து வைத்த கம்பளிக் குல்லாவை அப்போதே போட்டுக்கொண்டு, அண்ணி காலி இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ஸுலயாவது யாராச்சும் ஒக்காந்திருப்பாங்க" என்றார் என்னிடம்.

அண்ணன் காதில் விழுந்திருக்க வேண்டும். வந்து உட்கார்ந்தார். கால் இரண்டும் தாளம் போட்டன. முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நாவலப்பிட்டி தாண்டியதும் அண்ணி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஹட்டன் வந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு, "அண்ணே, எறங்குங்க!" என்றேன்.

"சத்தம் போடாத."

ரயில் கிளம்பிவிட்டது. எங்கள் ஊர் கொட்டகலையிலும் நிற்காமல் கடந்து ஓடியது. இனித் தலவாக்கலையில் இறங்கி, பஸ் பிடித்து ஹட்டனுக்குத் திரும்ப வேண்டும். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அண்ணியை எழுப்பினா என்ன கொறைஞ்சா போயிரும்?"

"அவ முழிச்சா நா எந்திரிச்சிருவேன் தம்பி. என்னயப் பத்தி எனக்குத் தெரியாதா?"

பைகளைக் கீழே வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். அந்த ஆளைக் கேலி செய்தே பழகிய எனக்கு, அன்றைக்கு அவர்மேல் வந்த பாசத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை.