முன் ஸ்பிரிங்கும் அனுஷியாவின் இடுப்பும்

கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலே ஒரே ஒரு புருஷன், அவனுக்கு ஒரே ஒரு பொஞ்சாதி, ஒரே ஒரு பழைய கார் இருந்ததாம். பொஞ்சாதியும் காரும், இதில் யார் மூத்த தாரம் என்பதில் மட்டும் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு.

புருஷன் பிரதீபன், கொழுந்து லொறி டிரைவர். போன கால் மைல் ரேஸில் பச்சை விளக்கு எரிந்ததும் அவன் கார் ஓடவில்லை. பின் டயர் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைந்தன. அன்றிலிருந்து லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டு அடுப்பு புகைந்தாலும் "பிரதீபன் கிளம்பிட்டான்" என்றார்கள். வரும் ஞாயிறும் புகைந்தால் தோட்டத்தில் தலை காட்ட முடியாது.

டவுனில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அப்ஹமிடம் போய், முன்னுக்குப் போட இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங் கேட்டான். பாரம் என்றால் ஸ்பிரிங் கடினமாக வேண்டும்; லொறிக்காரனுக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் அது. அப்ஹம் தலையாட்டவில்லை. முன்னால் கடினமாக இருந்தால் மூக்கு எழும்பாது, மூக்கு எழும்பாவிட்டால் பாரம் பின்னால் போகாது, பாரம் விழாத டயர் ரோட்டைப் பிடிக்காது என்று பொறுமையாகச் சொல்லி, உயரமான, இளக்கமான ஜோடி ஒன்றை எடுத்து வைத்தார்.

ஸ்பிரிங் கிடைத்தது, வீட்டில் சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. ரேஸுக்கென்று இனி ஒரு ஆணிகூட வாசல் தாண்டக்கூடாது என்பது பொஞ்சாதி அனுஷியாவின் சட்டம். பஸ் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு பொய் தயார்.

"உனக்காகத்தான் அனு. கொழுந்து சுமந்து சுமந்து உன் இடுப்பு போயிருச்சு. ரோட்டுக் குழியில நீ குலுங்கக்கூடாதுன்னு மெத்துனு பார்த்து வாங்குனேன்."

"எனக்காகவா?"

"வேற யாருக்கு?"

அனுஷியா தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு பீலிக்கரைக்குப் போனாள். திரும்புவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் வந்து பிரதீபனைக் கண்காட்சி மாதிரிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தங்கள் புருஷன்மாரைப் பார்த்தார்கள். அந்தப் புருஷன்மார் அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

சனிக்கிழமை ஸ்பிரிங்கை மாட்டி பெக்டரி ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. புகையே இல்லை.

ஞாயிறு காலை எழுந்தால், பாரம் குறைக்கக் கழற்றி வீட்டுக்குள் போட்டிருந்த பின் சீட்டைக் காணோம். அது காருக்குள் இருந்தது. அதன் மேல் மாமியார் அன்னலட்சுமியும் இரண்டு சித்திமாரும் இருந்தார்கள். நிவித்திகலையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷமாம். வழியனுப்ப லயமே நின்றது.

பிரதீபன் அனுஷியாவைக் கோழிக்கூட்டுப் பக்கம் கூட்டிப்போய், இன்றைக்கு ரேஸ், ஸ்பிரிங் அதற்குத்தான் என்று உண்மையைச் சொன்னான்.

"தெரியும். அன்னைக்கே அப்ஹம் நானாவுக்கு போன் கோல் எடுத்துக் கேட்டேன்."

"தெரிஞ்சுமா?"

"ரேஸுக்குன்னு நேரா சொல்லியிருந்தா நாலு வார்த்தை கத்திட்டு விட்டிருப்பேங்க. நீங்கதான் எனக்குன்னு குடுத்துட்டீங்களே. குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா?"

தோட்டத்து ஏற்றத்தில், பக்கத்தில் அனுஷியாவும் பின்னால் மூன்று பேர் பாரமுமாகக் கார் கிளம்பியது. மூக்கு எழும்பியது, டயர் மண்ணைக் கவ்வியது. அவன் ஆயுளில் அப்படியொரு கிளம்பல் கிடைத்ததில்லை. நேரம் குறிக்கத்தான் ஆளில்லை.

நிவித்திகலையில் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கடைசியாக இறங்கிய மாமியார் கதவை மெல்லச் சாத்தினார்.

"தொட்டில் மாதிரி இருக்கு மாப்பிள்ளை. அடுத்த ஞாயிறு கரவனெல்லைக்குப் போவோம்."

சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.