எரிகோவில் ஒரு ரவுண்டு

திருவண்ணாமலையில் எந்த இடத்துக்கும் நேராகப் போய்ச் சேராத ஒரே மனிதர் ரவுண்டு அண்ணன்தான். முதலில் ஒரு சுற்று, அப்புறம்தான் மற்றதெல்லாம். ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது, சுவரோரமாக இருந்ததைக் கடைக்காரரை விட்டு நடுக்கடைக்கு இழுக்க வைத்து, வலம் வந்த பிறகே அட்வான்ஸ் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சபையில் யாருக்கும் நினைவில்லை. வேன் ஓட்டினார். நடக்க முடியாத பக்தர்களை ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றியதில், பழக்கம் ரத்தத்தோடு கலந்துவிட்டது. ஞாயிறு ஆராதனைக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆலயத்தை ஒரு சுற்று சுற்றாமல் உள்ளே வரமாட்டார். இது நம்ம வழக்கம் இல்லை என்று போதகர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டும் ஐயா. பின்பக்கத்தையும் யாராவது பாக்கணும்ல?"



தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் சபையார் புனித நாடுகளுக்குக் கிளம்பினோம். அம்மாவோடு நான். ரவுண்டு அண்ணனும் வந்தார். சென்னையில் எல்லோரும் விமானத்தின் படியில் ஏற, இவர் மட்டும் இறக்கைக்கு அடியில் நடையைக் கட்டினார். இரண்டு காவலர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே ஏற்றினார்கள். "பாதிதான் சுத்துனேன், பத்திரமா போய்ச் சேரணும்" என்று பெல்ட்டைப் போட்டுக்கொண்டு புலம்பினார். பக்கத்து சீட்டில் இருந்த நான் என் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்து இறுக்கிக்கொண்டேன்.

அம்மா பள்ளியில் கணக்கு டீச்சர், சபையில் ஞாயிறு பள்ளி டீச்சர். பைபிளில் யோசுவாவின் ஜனங்கள் சுற்றிவந்து கத்தியதும் மதில் இடிந்து விழுந்த ஊர் எரிகோ. அந்தப் பாடம் வந்தால் பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதில் என்பார். யோசுவாவின் ஜனங்களாக நாங்கள் அதைச் சுற்ற வேண்டும். ஏழாவது சுற்றில் கத்தினால் மதில் விழும். எங்கள் போதகரே அரை நிஜாரில் அந்தப் பெஞ்சுகளைச் சுற்றியவர்தான். அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் பெத்லகேம், எருசலேம் எல்லாம் சரி, ஆனால் எரிகோவைப் பார்த்தாக வேண்டும்.

விதியைப் பாருங்கள், எரிகோவுக்கு முந்தின நாள் அவர் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மறுநாள் பஸ் நின்ற இடத்தில், பழைய எரிகோ புதைந்துகிடக்கும் மண்மேடு. மதிலின் மிச்சம் அதன் மேலே இருக்கிறது, ஏறித்தான் பார்க்க வேண்டும் என்றார் கைடு. அம்மாவைப் பஸ்ஸிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, போட்டோ எடுத்து வந்து காட்டுவதாகப் போதகர் பரிவோடுதான் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போட்டோ பாக்கவாடா இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றார் என்னிடம், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

வழக்கம்போல் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்த ரவுண்டு அண்ணன் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"டீச்சரம்மா, யோசுவா மேல ஏறுனாரா, சுத்துனாரா?"

"சுத்துனாருப்பா."

"அப்ப ஏறுறவங்கதான் தப்பா போறாங்க. எறங்குங்க."

சாலையோரத்தில் ஆரஞ்சுப் பழங்களைக் கோபுரமாக அடுக்கி வைத்து ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலியாக ஒரு தள்ளுவண்டி. அண்ணன் சுத்தமான தமிழில் அவரிடம் நிலைமையை விளக்கினார். கடைக்காரர் அம்மாவின் முழங்காலைப் பார்த்தார், வண்டியைத் தள்ளிக் கொடுத்தார். அம்மா போர்வை விரித்து ஏறி உட்கார, அண்ணன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தள்ளினார்.

கிரிவலத்தில் சாலையின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும், மலையை ஒட்டிய வலது பக்கம் சித்தர்களுக்கு. அந்தச் சட்டத்தை அண்ணன் எரிகோவிலும் விடவில்லை. அந்த ஊரில் வண்டிகள் வலது பக்கம் ஓடும் என்பது அவருக்கு எங்கே தெரியும்? கார்களெல்லாம் எங்கள் முகத்துக்கு நேரே வந்து ஹாரன் அடித்து விலகின.

"மரியாதை தெரிஞ்ச ஊரு. வழி விடுறாங்க பாருங்க" என்று ஒவ்வொரு காருக்கும் கும்பிடு போட்டார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அம்மாவோ மேட்டைப் பார்த்துக் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்.

மேட்டின் மேலிருந்து சபையார் எட்டிப் பார்த்தார்கள். கைடு சொன்னதை அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. முதலில் இறங்கி ஓடிவந்தவர் போதகர். அண்ணனைத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மூச்சு வாங்க வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், நானும் வரட்டா?"

"வரிசையில வா" என்றார் அம்மா.

சபை மொத்தமும் பின்னால் சேர்ந்துகொண்டது. சுற்று முடிந்து கடையருகே வந்ததும் அம்மா கையைத் தூக்கினார், நாங்கள் கத்தினோம். அந்த உற்சாகத்தில் அண்ணன் வண்டியை நிறுத்த மறந்து ஆரஞ்சுக் கோபுரத்தில் மோதினார். மதில் விழுந்தது. கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, போதகர் முதற்கொண்டு எல்லோரும் ரோட்டில் தவழ்ந்து பழம் பொறுக்கினோம்.

பஸ் கிளம்பியதும் அம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது.

"இன்னும் ஆறு சுத்து பாக்கி இருக்கே தம்பி."

"ஊருக்குப் போய் முடிச்சிரலாம், டீச்சரம்மா."

முடித்தார். ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவை வேனில் ஏற்றி, ஆலயத்தை ஒரு சுற்று சுற்றிய பிறகே வாசலில் இறக்கினார். பாக்கி ஆறும் ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிட்டது. அதன் பிறகும் வருஷக்கணக்கில் ஞாயிறு தவறாமல் வேன் வந்தது, ஆலயத்தைச் சுற்றியது. கணக்கு முடிந்தது என்று அண்ணன் சொல்லவில்லை. கணக்கு டீச்சரான அம்மாவும் எண்ணவில்லை.