ஒரே ஒரு வியாபாரப் பயணி

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே ஓட்டல் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிட்டார் புள்ளிவிவர அலுவலகத்துக் குமாஸ்தா. பத்து மணி வரை ஒரு வியாபாரப் பயணிகூடச் சிக்கவில்லை.

கோட்டும் டையுமாக ஒருவர் மாடியிலிருந்து இறங்கியதும் குமாஸ்தா பாய்ந்து போனார்.

"சார், வியாபார விஷயமா வந்திருக்கீங்களா?"

"அதையேதான் நான் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்" என்று அவரும் பையிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். "நான் பேங்க்லேருந்து வர்றேன். வியாபாரப் பயணிகளால நாட்டுக்கு எவ்வளவு லாபம்னு பாக்க அவங்களை எண்ணச் சொல்லியிருக்காங்க."

சோபாவின் மறுகோடியில் இருந்த கண்ணாடிக்காரர் விமானக் கம்பெனிக்காக எண்ண வந்தவர். செடித்தொட்டியின் பின்னால் மறைந்திருந்தவரைப் பல்கலைக்கழகம் அனுப்பியிருந்தது.

வியாபாரப் பயணம் பெருகினால் ஓட்டல்காரர், வாடகைக் கார்க்காரர், சலவைக்காரர் என்று எல்லோரும் பிழைப்பார்கள், நாடே நிமிர்ந்துவிடும் என்று சில வருடங்களுக்கு முன் ஓர் அறிக்கை சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் இந்த ஊரில் அறுபது அறைகளோடு இந்த ஓட்டலைக் கட்டினார்கள். நாடு நிமிர்ந்துவிட்டதா என்று பார்க்க இப்போது ஆள் அனுப்பியிருந்தார்கள். எண்ண வந்தவரை எண்ணக் கூடாது என்பது எல்லா அலுவலகத்துக்கும் பொது விதி.

குமாஸ்தா மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், இங்க எண்ணுறவங்கதான் இருக்கோம். எண்ணுறதுக்கு ஆள் இல்லை."

"போன வருஷம் அந்த ஊர்ல எத்தனை?"

"பூஜ்யம் சார்."

"அப்ப ஒரே ஒருத்தர் வந்தாக்கூட வளர்ச்சிதானேய்யா! வெள்ளிக்கிழமை வரைக்கும் உக்காந்து ஒருத்தரையாவது பிடி. திரும்பவும் பூஜ்யம்னா நம்ம பிரிவையே இழுத்து மூடிடுவாங்க. உன்னைத் துறைமுகத்துக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க."

வீட்டிலிருந்து துறைமுகம் ரயிலில் பதினெட்டு மணி நேரம். கல்யாணமான பதினான்கு வருடத்தில் ஆறு மாற்றல் பார்த்த அவருடைய மனைவியிடம் போனில் விஷயத்தை லேசாகச் சொல்லிப் பார்த்தார்.

"பொண்ணு இப்பதான் ஒரே பள்ளிக்கூடத்துல சேர்ந்தாப்ல ரெண்டு வருஷம் படிக்கிறா" என்றாள் அவள். "என் வேலையும் இப்பதான் நிரந்தரமாச்சு. நாங்க வர மாட்டோம். இன்னொரு தடவை சாமான் கட்டச் சொன்னீங்கன்னா உங்களையும் சேர்த்துக் கட்டி அனுப்பிடுவேன்."

குமாஸ்தா சிரித்து மழுப்பினார். மகளை விட்டுத் தனியாக இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவர் ஒரு யோசனை செய்தார். மற்ற மூவரையும் கூப்பிட்டார்.

"நாம நாலு பேரும் வாசலையே முறைச்சுக்கிட்டிருந்தா எவன் சார் உள்ள வருவான்? நீங்க ஊருக்குக் கிளம்புங்க. யாராவது வந்தா நான் எண்ணிச் சொல்றேன்."

பேங்க்காரர் தலையை ஆட்டிவிட்டு, நேராகத் தூணுக்குப் பின்னால் போய்த் தன் அலுவலகத்துக்குப் பேசினார். "சார், புள்ளிவிவரக்காரங்க நம்மளைக் கிளப்பப் பாக்குறாங்க. இங்க என்னமோ பெரிசா இருக்கு."

மறுநாள் பேங்கிலிருந்து மேலும் ஐந்து பேர் வந்தார்கள். அது தெரிந்து விமானக் கம்பெனி எட்டுப் பேரை அனுப்பியது. பல்கலைக்கழகம் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது.

குமாஸ்தா பதறிப்போய், ஆட்களைத் திரும்பக் கூப்பிடும்படி அந்த மூன்று அலுவலகங்களுக்கும் ஒரு கடிதம் போடச் சொல்லி மேலதிகாரியைக் கெஞ்சினார். அவரும் போட்டார். அரசாங்கக் கடிதமல்லவா, நகல் இருபது அலுவலகங்களுக்குப் போனது. அதுவரை இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாத இன்சூரன்ஸ்காரர்களும் ரயில்வேக்காரர்களும் வர்த்தக சங்கத்தாரும் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை ஓட்டல் நிரம்பி வழிந்தது. முதலாளி புதிதாக இரண்டு சமையல்காரர்களைச் சேர்த்தார். வாசலில் வாடகைக் கார்கள் வரிசை கட்டின. மாடியில் இன்னொரு தளம் எழுப்ப அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாடு முன்னேறிடுச்சு சார்!" என்று முதலாளி குமாஸ்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குமாஸ்தாவுக்கு அழுகைதான் வந்தது. அவருடைய தாளில் இன்னும் பூஜ்யம்.

வெள்ளிக்கிழமை மதியம், குமாஸ்தா ஊர் திரும்ப வேண்டிய ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது, வியர்த்து விறுவிறுத்த ஒருவர் பெரிய பெட்டியோடு உள்ளே வந்தார். கையில் படிவம் இல்லை. யாரையும் முறைத்துப் பார்க்கவில்லை.

வரவேற்பறை மூச்சு விடாமல் பார்த்தது.

"ரூம் வேணும்மா" என்றார் அவர்.

"மன்னிக்கணும் சார், ஒரு ரூம்கூடக் காலி இல்லை" என்றாள் வரவேற்பறைப் பெண்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். ஓட்டலில் தங்கினால்தான் கணக்கில் சேரும். யாராவது அறையைக் காலி செய்ய வேண்டும்.

"உங்க ரூம்ல ஒண்ணை விடுங்க சார்" என்றார் பேங்க்காரர்.

"ஏன், உங்களுக்கு ஆறு ரூம் இருக்கே!" என்றார் விமானக் கம்பெனிக்காரர்.

இவர்கள் சண்டை முடிவதற்குள் வந்தவர் தெருவில் இறங்கிவிட்டார். குமாஸ்தா செருப்பைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடி, அவர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"என் ரூமை எடுத்துக்குங்க சார்! நான் இப்பவே காலி பண்ணிடறேன்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

"சிரமமா? நீங்கதான் சார் என் குடும்பத்தைக் காப்பாத்தப் போறீங்க!"

அவரைக் கையோடு இழுத்து வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வைத்தார். தன் துணிமணிகளை வாரிக்கொண்டு வந்து சோபாவில் போட்டார். பிறகு படிவத்தை விரித்தார்.

"சார், வியாபார விஷயமாத்தானே வந்திருக்கீங்க? எதையும் எண்ண வரலியே?"

"சேச்சே, அதெல்லாம் எனக்கெதுக்கு? சுத்தமான வியாபாரம் சார்."

குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். மகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போவாள். யாரும் சாமான் கட்ட வேண்டாம்.

"என்ன வியாபாரம்னு போட்டுக்கட்டும் சார்?"

"அச்சாபீஸ் வெச்சிருக்கேன். இந்த ஓட்டல்ல எண்ண வர்றவங்க கூட்டம் தாங்கலையாம், ஃபாரம் பத்தலைன்னு உங்க ஆபீஸ்லேருந்துதான் என்னை அவசரமா அனுப்பி வெச்சாங்க!"