என் கன்னத்தில் சுவர் இல்லை

வட்டக்கச்சி,
1964 ஆனி 18.

மதிப்புக்குரிய மைத்துனர் ஐயாத்துரை அவர்களுக்கு, உம்முடைய தங்கை விமலேஸ்வரியின் கணவன் அப்புத்துரை எழுதிக்கொள்வது.

உம்முடைய மகன் யோகலிங்கம், சென்ற வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, பாடசாலை மண்டபத்தில், ஏறக்குறைய நூற்றிருபது பேர் முன்னிலையில், என்னை ஒரு தாவரம் என்று அறிவித்துவிட்டான். இதுதான் நடந்த அநியாயம். சுகம் விசாரிப்பது இதற்குப் பிறகுதான். நீரும் மச்சாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விமலேஸ்வரி சுகம். மகள் கமலாசனி சுகம். இரண்டு மாடும் சுகம். குளத்தில் தண்ணீர் போதியளவு இருப்பதால் சிறுபோக நெல் நல்ல பச்சையாக நிற்கிறது. அந்தப் பச்சையைப் பார்க்கவே எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

கமலாசனிக்கும் யோகலிங்கத்துக்கும் வருகிற ஆவணியில் செய்வதென்று நாம் பேசி வைத்த கலியாணத்தை நிறுத்திவிட்டேன் என்பதையும் இதனால் அறியத் தருகிறேன். ஒரு மரத்தின் மகளை உம்முடைய பிள்ளை எதற்குக் கட்ட வேண்டும்?

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். தை மாதம் யோகலிங்கம் இங்கே விஞ்ஞான ஆசிரியராக மாற்றலாகி வந்த நாள் தொடக்கம், படுப்பது பாடசாலை விடுதியில் என்றாலும் மூன்று நேரமும் சாப்பிடுவது என் வீட்டில்தான். அதில் எனக்குப் பெருமைதான். பாடசாலைக்குக் கொழும்பிலிருந்து, கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டி ஒன்று வந்திருக்கிறது, பெற்றோர் எல்லாரும் வந்து பார்க்கலாம், பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் வித்தியாதரிசியும் வருகிறார் என்று சொன்னான். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்லன். கடையில் சீனி சுற்றித் தந்த கடதாசிகளைக் கூட்டி வாசித்து எழுத்துப் படித்தவன். ஆகையால் சலவை வேட்டி கட்டி, சால்வை போட்டு, எல்லாருக்கும் முந்திப் போய் முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். முதலில் வெங்காயத்தின் உரியைக் காட்டினான். குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தால், மைத்துனரே, மேசன்மார் செங்கல் அடுக்கியது போல வரிசை வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கலமாம். நேற்று வரை குழம்புக்குள் போட்ட சாமானுக்குள் இப்படி ஒரு கட்டடம் இருந்ததென்று எவன் கண்டான்?

பிறகுதான் விபரீதம். “இனி விலங்குக் கலம் பாப்பம், ஆராவது ஒரு பெரியவர் வாங்கோ” என்றான். பக்கத்து வளவு வீரகத்தி பாதி எழும்பிவிட்டதைக் கண்டேன். நான் முழுதாக எழும்பிவிட்டேன்.

“மாமா, வாயை ஒருக்கா வடிவாக் கொப்பளிச்சிட்டு வாங்கோ” என்றான் உம்முடைய மகன்.

“ஏன், என்ர வாயில என்ன ஊத்தை கிடக்கு?”

“ஊத்தை எண்டில்லை மாமா. முறை அப்பிடி.”

“வித்தியாதரிசி ஐயாவைக் கொப்பளிக்கச் சொல்லுவியோ?”

“அவற்ற கன்னத்தை நான் சுரண்டேல்லையே, மாமா.”

நூற்றிருபது பேர் பார்க்க வெளியே போய்க் கொப்பளித்தால், வாய் சுத்தமில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? “சுரண்டுறதெண்டால் சுரண்டு” என்று வாயைத் திறந்து நின்றேன். ஈர்க்கின் மழுங்கல் பக்கத்தால் என் உட்கன்னத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் பூசி, ஒரு துளி அயடீன் விட்டு, குழாயில் கண்ணை வைத்தான். பார்த்தான். கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். திரும்பக் குழாயைப் பார்த்தான். வெயில் பிடிக்கிற கண்ணாடியைத் திருப்பினான். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தான்.

“என்ன மாஸ்டர்?” என்றார் வித்தியாதரிசி.

“சேர், சுவர் கிடக்கு.”

“எங்க?”

“மாமாவின்ர கலத்தில, சேர்.”

அவரும் பார்த்தார். “பச்சை மணியும் கிடக்குப் போல” என்றார்.

“ஓம் சேர். இது தாவரக் கலந்தான்.”

அப்போது வீரகத்தி கதிரையை விட்டு எழும்பி, “பத்து வருசமா நான் இதைத்தானே சொல்லுறன், இந்த மனிசன் ஒரு மரமெண்டு! ஆர் கேட்டது?” என்றான். அதற்குப் பிறகு அங்கே கேட்ட சிரிப்பை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குத் தெரியாது. வித்தியாதரிசி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தை எடுத்து, “ஆராயத்தக்கது” என்று ஏதோ எழுதிக் கையொப்பம் வைத்தார். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அன்றிலிருந்து எனக்கு இந்தக் குடியேற்றத் திட்டத்தில் மனிதனாக நடமாட வழியில்லை. காலையில் வேலிக்கு மேலால் வீரகத்தியின் தலை தெரிகிறது. “அண்ணை, பசளை போட்டாச்சோ?” என்கிறான். வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றால், “இண்டைக்கு அப்புத்துரையண்ணைக்குத் தண்ணி முறை. வயலுக்கில்லை, ஆளுக்கு” என்கிறார்கள். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவருகிற ஸுஹைர், எவ்வளவு மரியாதையான வியாபாரி, அவன்கூட வேலிப் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, “ஐயா, வெயிலாக் கிடக்கு, உங்கட நிழல்ல கொஞ்சம் நிக்கட்டோ?” என்று கேட்டான்.

யோகலிங்கம் அன்றிரவே சாப்பாட்டுக்கு வந்தான். வராமல் இருப்பானா? “மாமா, நான் கண்டதைத்தான் சொன்னனான்” என்றான். “அப்ப நீ கண்டது பிழை” என்றேன். “திரும்பவும் பாப்பம். கொப்பளிச்சிட்டு வாங்கோ.” “கொப்பளிக்க மாட்டன்.” “இல்லை மாமா, வெத்திலை கித்திலை ஏதும்…” என்று இழுத்தான். நான் வாய் திறக்குமுன் குசினிக்குள்ளிருந்து விமலேஸ்வரி, “அந்தக் கதை இஞ்சை இல்லைத் தம்பி! நாங்கள் ரண்டு பேரும் தைப்பொங்கலோட விட்டிட்டம்!” என்றாள். உமக்கும் தெரியும், பரியாரியார் என் வாய்ப்புண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னதன் பேரில், நானும் அவளும் சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி வெற்றிலையை விட்டவர்கள். வட்டக்கச்சி முழுக்க அறிந்த விஷயம். உம்முடைய மகன் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டான்.

பொய்யை அறிவால்தான் வெல்ல வேண்டும் என்று, அவன் சாப்பிடும்போது அவன் பையிலிருந்த உயிரியல் புத்தகத்தை எடுத்து மூன்று நாள் வாசித்தேன். நீரும் அறிந்துகொள்ளும். உயிருள்ளது எதுவும் கலங்களால் ஆனது. கலத்தின் நடுவே கரு என்று ஒன்று இருக்கிறது. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் போல, தான் மண்வெட்டி பிடிக்காது, ஆனால் அது சொல்லாமல் ஒரு துளியும் அசையாது. அதைச் சுற்றிக் கூழ் போல முதலுரு. கூழைச் சுற்றி மென்சவ்வு. இந்த மென்சவ்வு ஒரு படலை. வேண்டியதை உள்ளே விடும், வேண்டாததை வெளியே மறிக்கும். வீரகத்தியின் ஆட்டுக்குத் திறந்துவிடுகிற என் படலையைவிட எவ்வளவோ மேல். கலம் முதிர்ந்தால் கரு இரண்டாகும், பிறகு கலமே இரண்டாகும். அண்ணன் தம்பி காணி பிரிப்பது போலத்தான், ஆனால் வழக்கில்லை, வெட்டுக்குத்தில்லை. இவ்வளவும் எனக்கும் உண்டு, பூசணிக்கும் உண்டு. பூசணிக்கு மேலதிகமாக உள்ளவை இரண்டு: மென்சவ்வுக்கு வெளியே ஒரு சுவர், உள்ளே, வெயிலைப் பிடித்துச் சாப்பாடு செய்யும் பச்சை மணிகள்.

இந்த இடத்தை வாசித்ததும் நான் கோபத்தை மறந்து எழும்பி நின்றுவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத குசினி! அடுப்பில்லை, விறகில்லை, புகையில்லை, தண்ணீரும் காற்றும் வெயிலும் போதும்! ஒரு இலைக்குள் இப்படி எத்தனை ஆயிரம்! ஓடிப்போய் விமலேஸ்வரிக்குச் சொன்னேன்.

“அப்ப நீங்கள் போய் வெயில்ல நில்லுங்கோ. எனக்கு ஒரு நேரச் சமையல் மிச்சம்” என்றாள்.

நின்றேன். பரீட்சை என்றால் பரீட்சைதான். நான் தாவரமானால் வெயிலில் வயிறு நிரம்ப வேண்டும், நிரம்பாவிட்டால் விலங்கு. பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை, மேற்சட்டை இல்லாமல், சால்வையை இடுப்பில் கட்டி, கையை விரித்து முற்றத்தில் நின்றேன். வீரகத்தி தன் ஆட்டை அவிழ்த்து, “ஆடு பொய் சொல்லாது அண்ணை, மேயுதோ எண்டு பாப்பம்” என்று உள்ளே விட்டான். அது நேரே வந்து என் சால்வையைச் சாப்பிடத் தொடங்கியது. வேலி நீளத்துக்கு நின்ற சனம் கைதட்டியது. ஆனால் சால்வை பருத்தி, பருத்தி தாவரம், ஆகவே ஆட்டின் சாட்சி எனக்கு எதிராகச் செல்லாது. இரண்டு மணிக்கு உள்ளே போய் மூன்று கோப்பை சோறு சாப்பிட்டேன். இதைவிட வேறு நிரூபணம் வேண்டுமா?

இன்னொரு பரீட்சையும் செய்தேன். தாவரக் கலத்தை உப்புநீரில் இட்டால் உள்ளே இருப்பது சுருங்கிச் சுவரை விட்டு விலகும் என்று புத்தகம் சொல்கிறது. ஒரு சட்டி உப்புநீரில் ஒரு மணித்தியாலம் கையை வைத்திருந்தேன். விரல்கள் சுருங்கிவிட்டன. இதை நான் எவருக்கும் காட்டவில்லை. கமலாசனி மட்டும் பார்த்துவிட்டாள்.

அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “ஐயா, சுவர் உங்கட கன்னத்தில எண்டால் என்ர கலியாணத்தை ஏன் நிப்பாட்டுறியள்?” அவள் ஆவணிக்கென்று தைத்துக்கொண்டிருந்த சட்டையை, ஒரு கை வைக்காத பாதியில் மடித்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகு என்னோடு கதையில்லை. பூட்டு சின்னப் பூட்டுத்தான், ஆனாலும் அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. இருந்தாலும் மானம் மானந்தான். சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் இல்லை.

ஆகையால் நடக்க வேண்டியவை இவை. அதே மண்டபத்தில், அதே நூற்றிருபது பேருக்கு முன்னால், “என் மாமா ஒரு விலங்கு” என்று மூன்று தரம் உரத்துச் சொல்ல வேண்டியது யோகலிங்கம். சம்பவத்திரட்டில் எழுதியதை வெட்டி, வெட்டிய இடத்தில் கையொப்பம் வைக்க வேண்டியது வித்தியாதரிசி. ஆட்டைக் கட்டிப் போட்டு, புதுச் சால்வை வாங்கித் தர வேண்டியது வீரகத்தி. என் நிழலில் ஒதுங்காமல் இருக்க வேண்டியது ஸுஹைர். வருகிற வியாழக்கிழமை ரயிலில் கிளிநொச்சி வந்து இறங்கி, எனக்கு நேரில் பதில் சொல்ல வேண்டியது நீர். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கலியாணம் இல்லை.

வற்றாப்பளை அம்மன் உம்மையும் மச்சாளையும் காப்பாற்றட்டும். யோகலிங்கத்தை என் வீட்டுச் சோறு காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
விலங்காகிய,
க. அப்புத்துரை

பி.கு.: மேலே எழுதியது எல்லாம் ரத்து.

கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் கமலாசனி விறாந்தையிலிருந்து, “ஐயா, இஞ்சை ஒருக்கா வாங்கோ” என்றாள். யோகலிங்கம் தலைமை ஆசிரியரிடம் கேட்டு நுணுக்குக்காட்டியைக் கொண்டுவந்து, அவளுக்குப் பார்க்கப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறான். மேசையில் மூன்று கண்ணாடித் துண்டுகள். முதலாவதைப் பார்த்தேன்: சுவர், பச்சை மணி. “இது வெத்திலை” என்றாள். இரண்டாவதும் அப்படியே. “இது வெள்ளிக்கிழமை மச்சான் பாத்த துண்டு. உங்கட வாய். உங்கட சொந்தக் கலமும் கிடக்கு ஐயா, அந்தா, ஓரத்தில, சுவர் இல்லாமல். வெத்திலைத் தூளுக்குள்ள ஆருக்கும் தெரியேல்லை.” நான் இருமினேன். வைக்கற்போருக்குப் பின்னால் மாடு பார்க்கப் போவதாகச் சொல்லி நான் போவதும், ஸுஹைர் கருவாட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டுவரும் நாலு வெற்றிலையும் உமக்குச் சொல்லாமல் விட்டவை. கருவாட்டு மணம் அடிக்கும், ஆனாலும் வெற்றிலைதானே.

“அம்மாவுக்குச் சொல்லட்டோ? கலியாணத்தை நடத்துறியளோ?” என்றாள்.

“மூண்டாவது என்ன?” என்று கதையை மாற்றினேன்.

“பாருங்கோ.” பார்த்தேன். சுவர், பச்சை மணி. “பல்லைப் பாக்கிறன் எண்டு சொல்லி எடுத்தனான். அது அம்மா” என்று சொல்லிவிட்டு என் மகள், ஐந்து நாளைக்குப் பிறகு, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸுஹைர் எதற்காகக் குசினிப் பக்கமும் மணி அடித்துவிட்டுப் போகிறான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆகவே நிலைமை இது. நான் விலங்கு என்று நிரூபித்தால் வெற்றிலை வெளியில் வரும். என்னுடையது வந்தால் அவளுடையதும் வரும். உம்முடைய தங்கை, பாவம், ஒரு நல்ல பெயரோடு இருக்கிறாள். நான் தாவரமாகவே இருந்துவிடுகிறேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். ஆனால் கலத்தைப் பற்றி இவ்வளவு விளக்கமாக வட்டக்கச்சியில் வேறு எவரும் எழுதியதில்லை என்பதால் மனம் வரவில்லை.

இனி நடக்க வேண்டியவை. சட்டைக்கு மற்றக் கையை வைக்க வேண்டியது கமலாசனி, அலுமாரி திறந்தாகிவிட்டது. இந்த விஷயத்தில் இனி ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட வேண்டியது யோகலிங்கம். ஆராய வேண்டுமானால் ஆராய வேண்டியது வித்தியாதரிசி. எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்க வேண்டியது வீரகத்தி. சால்வை மட்டும் வேண்டும். ஆவணியில் கலியாணத் தட்டத்துக்குரிய வெற்றிலையைவிட மேலதிகமாக இரண்டு கட்டு, கருவாட்டு மணம் இல்லாமல், கொண்டுவர வேண்டியது நீர். ஒன்றை வைக்கற்போருக்குப் பின்னால் என் கையிலும், மற்றதைக் குசினி வாசலில் உம்முடைய தங்கையின் கையிலும், ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டியதும் நீர்தான்.